முடியே மகன்: நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப் பகுதி வழக்காறுகளின் ஒளியில் கனவு முடி

தமிழ் இலக்கியத்தில் கனவு பற்றிய ஆய்வுகள் பலவும் கனவை நிமித்தமாகக் கொண்டு, அது பலித்த வகையை எடுத்துரைப்பதோடு நின்றுவிடுகின்றன. கனவில் தோன்றும் பொருள்களுள் ஒன்றைத் தனியே எடுத்து, அது ஏன் அப்பொருளாக அமைந்தது என வினவும் போக்கு குறைவு. பஞ்சாங்கங்களின் பின்பக்கங்களில் இடம்பெறும் கனவுப் பலன் பட்டியல்களும் மலிவு விலை நூல்களும் இவ்வினாவை மிக எளிதாகத் தீர்த்துவிடுகின்றன. முடி கண்டால் பதவி, பாம்பு கண்டால் பகை என்னும் அளவில் அவை முடிந்துபோகும். முடி என்பது பதவியின் அடையாளம், ஆகவே கனவில் முடி பதவியைக் குறிக்கும் என்னும் இந்த நேர்வாய்பாடு தமிழ் மரபுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்குரிய சான்றுகளைத் தேடிச் செல்லும்பொழுது, இலக்கியத்தில் ஓரிடமும் நிலவியலில் ஓரிடமும் ஒன்றையொன்று விளக்குவதைக் காணமுடிகிறது. இலக்கியத்தில் அது சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகம். நிலத்தில் அது கேரள மாநிலத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை என வழங்கும் பகுதியின் எல்லையோரச் சிற்றூர்கள்.

கனவுகளில் முடி வாராமை

முதலில் ஓர் எதிர்மறைச் செய்தியைக் கூறவேண்டும். அரசும் அரசனும் இடம்பெறும் புகழ்பெற்ற தமிழ்க் கனவுகளுள் முடி பெரும்பாலும் வருவதில்லை. சிலப்பதிகாரத்தில் மூன்று கனவுகள் முதன்மையானவை. கண்ணகி தேவந்திக்கு உரைத்த கனவில் பெருநகர், பழிச்சொல், கோவலனுக்குற்ற தீங்கு, காவலன் முன் வழக்குரைத்தல், அரசனுக்கும் ஊருக்கும் நேர்ந்த கேடு ஆகியன உள்ளன. கோவலன் மாடலனுக்கு உரைத்த கனவில் ஆடை இழத்தலும் எருமையூர்தலும் வருகின்றன. கோப்பெருந்தேவி கண்ட கனவே அரசின் வீழ்ச்சியை நேரடியாகச் சுட்டுவது. அதில் செங்கோலும் வெண்குடையும் நிலத்தில் வீழ்கின்றன. வாயில் மணி நடுங்குகிறது. இரவில் வானவில் தோன்றுகிறது. பகலில் விண்மீன் வீழ்கிறது. பாண்டியன் உயிர்விடும் இடத்திலும் இளங்கோவடிகள் குடையையும் கோலையுமே மீண்டும் கூறுகிறார். கனவும் நனவும் ஒன்றையொன்று அச்சொட்டாக ஒத்துவருமாறு அமைக்கப்பட்ட அக்காட்சியில் முடி வீழ்ந்ததாகக் கூறப்படவில்லை. முடியை அறியாத நூலன்று சிலப்பதிகாரம். கனகவிசயர் முடித்தலையில் கல்லேற்றியதை அது பெருமிதத்தோடு பேசும். எனவே கனவில் முடி விடுபட்டது தற்செயல் என எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

ஆண்டாள் தோழிக்கு உரைத்த திருமணக் கனவிலும் கோடியுடையும் மணமாலையும் தீர்த்தமும் தீபமும் வருகின்றன, முடி இல்லை. சமண மரபில் தீர்த்தங்கரரின் தாய் காணும் கனவுகளில் (சுவேதாம்பரர் 14 என்பர், திகம்பரர் 16 என்பர்) களிறு, விடை, அரிமா, மாலை, ஞாயிறு, திங்கள் முதலியன உண்டு. திகம்பரர் வரிசையில் அரியணையும் உண்டு. அரியணை வந்த இடத்தும் முடி வரவில்லை. கனவு காணும் சாமத்தைக் கொண்டு பலிக்கும் காலத்தைக் கணிக்கும் முறையைக் கூறும் கனாநூல் ஒன்று பொன்னவன் பெயரால் வழங்குகிறது. அம்மரபு காலத்தை அளக்க உதவுமேயன்றிப் பொருளை விளக்க அவ்வளவாக உதவுவதில்லை.

விசயையின் கனவு

இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்பொழுதுதான் திருத்தக்கதேவர் அமைத்த கனவின் தனித்தன்மை புலப்படும். ஏமாங்கத நாட்டு மன்னன் சச்சந்தனின் தேவி விசயை கனவு காண்கிறாள். பூங்கொத்து நிறைந்த அசோக மரம் ஒன்று முற்றும் வீழ்கிறது. அதன் அடியிலிருந்து முளையொன்று ஓங்கி வளர்கிறது. அம்முளை முடி ஒன்றைத் தாங்கி நிற்கிறது. எட்டு மாலைகளும் உடன் காணப்படுகின்றன. விடியலில் தேவி அதனை மன்னனுக்கு உரைக்கிறாள்.

நூலைப் படியாதவர் ஒருவரிடம் இக்கனவைக் கூறிப் பொருள் கேட்டால், முளை மகனைக் குறிக்கும், முடி அவன் பெறப்போகும் அரசைக் குறிக்கும் என்றே விடை வரும். வகுப்பறைகளிலும் பெரும்பாலும் இவ்வாறே கூறப்படுகிறது. ஆனால் சச்சந்தன் கூறும் விளக்கம் அவ்வாறு இல்லை. முடிதான் மகன் என்கிறான் அவன். மாலைகள் அம்மகன் மணக்கவிருக்கும் தேவியர். முளையோ மகனுக்கு வாய்க்கும் ஆக்கம். அதாவது, உயிருள்ள முளை செல்வமாகவும், உயிரற்ற அணியாகிய முடி ஆளாகவும் நிலைமாற்றம் பெறுகின்றன. அசோகு வீழ்ந்ததன் பயனை மன்னன் அப்போது கூறாமல் விட்டுவிடுகிறான். தேவி வற்புறுத்திக் கேட்டபின்னரே, அது தனக்கு ஓர் இடையூறு எனத் தெரிவிக்கிறான். அவள் சோர்ந்து வீழ்கிறாள்.

இந்நிலைமாற்றம் உரை வேறுபாட்டால் நேர்ந்ததன்று, மூலத்திலேயே உள்ளது. 1887இல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் இந்நூலைப் பதிப்பித்த நாள்தொட்டு அறிஞர் பலர் இக்கனவைக் கதைப்போக்கின் முன்னறிவிப்பாக எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் முடி ஏன் மகன் ஆகிறது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்றே தோன்றுகிறது. முடி ஒருவன் அணியும் பொருள் என்னும் கருத்திலிருந்து தொடங்கினால் இதற்கு விடை கிடைக்காது. முடி தானே ஒருவராக இருக்கும் வழக்கு எங்கேனும் உண்டா எனத் தேடுதல் வேண்டும்.

முடிப்புரை

அவ்வழக்கு நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் இன்றும் உயிரோடு உள்ளது. திருவனந்தபுரத்திற்குத் தெற்கே பாறசாலை வரையிலும், எல்லை கடந்து குமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டாரத்திலும் பத்திரகாளி கோயில்கள் சில 'முடிப்புரை' என வழங்குகின்றன. புரை என்பது இல்லம். முடிப்புரை முடியின் இல்லம். இக்கோயில்களில் வழிபடு பொருளாக இருப்பது திருமுடி. பலாமரத்தில் கடைந்து, வண்ணமோ பொன்தகடோ பூசப்பெற்ற முடியே அங்கு அம்மன். சிலைக்கு அணிவிக்கப்பட்ட முடி என இதனைப் பிறழ உணர்தல் கூடாது. அணிவதற்கு அங்கு வேறொரு தலை இல்லை. விழாக்காலத்தில் திருமுடி வெளியே எடுக்கப்படும். பூசாரி அதைத் தலையில் ஏந்தி வரும்பொழுது அம்மனே வருவதாக ஊரார் கொள்வர். வெள்ளாயணியில் மூன்றாண்டுக்கு ஒருமுறை நிகழும் காளியூட்டு இவற்றுள் பெயர்பெற்றது. மத்திய கேரளத்தின் முடியேற்று, வடகேரளத்துத் தெய்யம் ஆகியவற்றிலும் முடி தலையில் ஏறிய கணத்தில் ஆடுவோர் தெய்வமாகின்றனர். யுனெஸ்கோ 2010இல் தன் பட்டியலில் சேர்த்த முடியேற்று அப்பெயரிலேயே இச்செயலைச் சுட்டுகிறது. எனினும் அங்கெல்லாம் முடி வேடத்தின் உச்சி. தெற்கே முடிப்புரையிலோ வேடம் கலைந்த பின்னும், விழா முடிந்த பின்னும், ஆண்டு முழுவதும் முடி மட்டுமே தெய்வமாக இருக்கிறது.

பாறசாலைக்கு அருகே எல்லைக்கு அப்பால் உள்ள கொல்லங்கோட்டில் மீனபரணித் தூக்கம் நிகழ்வது நாடறிந்தது. வட்டவிளையில் உள்ள மூலக்கோயிலிலிருந்து திருமுடி வெங்கஞ்சிக் கோயிலுக்கு எழுந்தருளும். பிள்ளை வரம் வேண்டிப் பெற்றோரும், பிறந்த குழந்தையின் நலம் வேண்டுவோரும் தூக்க நேர்ச்சை செய்வர். தூக்கக்காரர் குழந்தையைக் கையில் ஏந்தியபடி வில்லில் உயரத் தொங்க, வில் கோயிலைச் சுற்றிவரும். முடியின் முன்னிலையில் குழந்தைகள் சுற்றிவருகின்றனர் என்பதை விசயையின் கனவோடு சேர்த்து எண்ணாமல் இருக்க இயலவில்லை. நேர்ச்சை செய்வோர் சிந்தாமணியைக் கேட்டறிந்தவர் அல்லர். ஒரே குறியீட்டு மொழி இருவேறு இடங்களில் பேசப்படுகிறது என்பதே இங்குக் கூறவருவது.

வெங்ஙானூரில் உள்ள முடிப்புரை நீலகேசி அம்மனுக்குரியது. நீலகேசி என்றவுடன் தமிழாய்வாளருக்குச் சமண நூல் நினைவுக்கு வரும். அருகில் சிதறால் மலை இருப்பது அந்நினைவை வலுப்படுத்தும். திருச்சாரணத்து மலை எனக் கல்வெட்டுகள் குறிக்கும் அம்மலையில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் குணந்தாங்கி குறத்திகள் என்னும் சமணப் பெண் துறவி பட்டாரியர்க்குப் பொன்னணிகள் வழங்கிய செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் அங்குப் பகவதி கோயில்கொண்டாள். ஆயினும் பெயரொற்றுமை ஒன்றையே பற்றிக்கொண்டு முடிப்புரைகள் சமண வழித்தோன்றல்கள் எனத் துணிதல் ஏற்புடையதன்று. இவ்வகைத் துணிபுகள் இப்பகுதி பற்றிய ஆய்வுக்கு ஏற்கெனவே போதிய தீங்கு செய்துள்ளன. நீலகேசி என்னும் சொல்லில் கருங்கூந்தலும், முடி என்னும் சொல்லில் கூந்தலும் மகுடமும் ஒருங்கே நிற்கின்றன என்பதை மட்டும் இங்குக் குறித்துக்கொள்ளலாம்.

சொல்லின் துணை

முடி என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் மகுடத்தையும் தலைமயிரையும் சுட்டும். எல்லைச் சிற்றூர்களில் இரு மொழியும் கலந்து பேசுவோர்க்கு இச்சொல்லை மொழிபெயர்க்க வேண்டிய தேவையே எழுவதில்லை. தமிழில் இதற்கு மேலும் சில பொருள்கள் உண்டு. மலையின் உச்சி முடி; நாற்றுக் கட்டு முடி; கட்டுதலும் நிறைவுறுதலும் முடிதல். கிரீடம், மகுடம் என்னும் வடசொற்கள் வெளியிலிருந்து வைக்கப்படும் ஒரு பொருளை மட்டுமே குறிக்கும். முடியோ உடலிலிருந்து வளர்வதையும் குறிக்கும். திருத்தக்கதேவர் முளையின் தலையில் முடியை நிறுத்தியபொழுது, வளரும் பொருளின் உச்சியில் இயல்பாகத் தோன்றும் ஒன்றாகவே அதனைக் காட்டினார் எனலாம். பலாமரத்திலிருந்து கடைந்தெடுத்த திருமுடியும் மரத்தின் பகுதியே.

வேறு நாட்டுக் கனவு நூல்களோடு ஒப்பிடும்பொழுது இவ்வேறுபாடு தெளிவுறும். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவு நூல் எழுதிய ஆர்த்தெமிதோரசு முடிமாலைகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். எதனால் ஆன மாலை, யார் அணிவதாகக் கண்டார், அவர் அடிமையா செல்வரா நோயாளியா என்பவற்றைப் பொறுத்துப் பலன் வேறுபடும் என்பது அவர் முறை. அங்கு முடி எப்பொழுதும் ஒருவர் தலையில் இருக்கும் பொருளாகவே கருதப்படுகிறது. தலையே இல்லாத முடியை அம்முறையால் விளக்க இயலாது.

முடியிலா நாட்டில் முடி

இனி வரலாற்றுக்கு வருவோம். சங்க மரபு சேர சோழ பாண்டியரை முடியுடை மூவேந்தர் என்றது. வேளிர் முடியுடையோர் அல்லர். பொதியில் ஆண்ட ஆய் அண்டிரன் எத்துணைக் கொடையாளனாயினும் வேள் என்றே பாடப்பட்டான். பின்னாளில் விழிஞத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய் அரசின் நடுநிலம் இன்றைய நெய்யாற்றின்கரை, விளவங்கோடு வட்டாரங்கள். ஆகவே முடிப்புரைகள் நிற்கும் இந்நிலம் நெடுங்காலம் முடியிலா மன்னரின் நிலமாக இருந்தது. கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைக்கு அருகே விண்ணகரம் ஒன்றையும் சாலையையும் நிறுவி, அவ்வூர்க்குப் பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டான். சேகரம் என்பது முடிமேல் அணியும் சூட்டு. பார்த்திவசேகரன் எனில் அரசர்களின் முடிமணி போன்றவன். வேள் மரபில் வந்தவன் முடி அணிந்தான் என்னாமல், தானே முடி ஆனான் என்று கூறும் பெயர் இது. வேளிர் நிலையிலிருந்து வேந்தர் நிலைக்கு உயர முனைந்த ஓர் அரசின் குரலை இப்பெயரில் கேட்கலாம் என்பது கட்டுரையாளர் கருத்து. மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு.

குலசேகரன் என்னும் பெயரும் இவ்வகையினதே: குலத்தின் சூட்டு. திருவிதாங்கூர் மன்னர் துலாபுருடதானமும் இரணியகருப்பமும் செய்த பின்னரே குலசேகரப் பெருமாள் என்னும் பட்டத்திற்கும் முடிக்கும் உரியவராயினர். இரணியகருப்பம் என்பது பொற்கலத்தினுள் புகுந்து வெளிவரும் சடங்கு; மறுபிறப்பின் நடிப்பு. முடி பெறுதற்கு முன் ஒருமுறை பிறக்கவேண்டும் என இச்சடங்கு கருதுகிறது. மார்த்தாண்டவர்மன் (ஆட்சி 1729 – 1758) இச்சடங்கை நிகழ்த்தியவன். அவனே 1750 சனவரியில் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்புவித்து, அடியானாக நின்று ஆண்டான். ஆட்சிக்கு வருமுன் எட்டுவீட்டில் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபொழுது அவன் ஒளிந்திருந்ததாகக் கூறப்படும் அம்மச்சிப் பிலாவு என்னும் பலாமரம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் போற்றப்படுகிறது. மரப்பொந்திலிருந்து அரசன் வெளிப்பட்டான் என்பது கதை. மரத்திலிருந்து அம்மன் முடியாக வெளிப்படும் நாட்டில் இக்கதை ஆழ வேரூன்றியதில் வியப்பில்லை.

பெயரில் இருந்த முடி

குறியீடு என்பது ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இதே மன்னர் ஆட்சியில் நிகழ்ந்த ஒன்று சான்று. ஏறத்தாழ 1809இல் அகத்தீசுவரம் வட்டத்தில் பிறந்த ஆண்குழந்தை ஒன்றுக்குப் பெற்றோர் முடிசூடும் பெருமாள் எனப் பெயரிட்டனர். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவனுக்கு இப்பெயர் ஆகாது என உயர்சாதியினர் எதிர்க்கவே, முத்துக்குட்டி என மாற்றப்பட்டது. இவரே பின்னாளில் ஐயா வைகுண்டர். முடி ஒரு பதவியின் அடையாளம் மட்டுமாக இருந்திருப்பின், எவ்வகைப் பதவிக்கும் வழியில்லாத ஒரு பனையேறிக் குடும்பத்துக் குழந்தையின் பெயரைக் கண்டு அஞ்சவேண்டிய தேவை எழுந்திராது. முடி என்னும் சொல் தங்கிய இடத்தில் ஆள் உருவாகிவிடும் என்பதை எதிர்த்தவர்களும் அறிந்திருந்தனர் போலும்.

முத்துக்குட்டி நோயுற்றிருந்தபொழுது அவர்தம் தாய் வெயிலாள் கனவு கண்டார் என்றும், அக்கனவின்படி கொல்லம் 1008 மாசியில் (1833) திருச்செந்தூருக்கு அழைத்துச் செல்லப்பட்டுக் கடலில் மறைந்து வைகுண்டராக வெளிப்பட்டார் என்றும் அய்யாவழி மரபு கூறும். தாயின் கனவு, மகனின் அழிவு போன்ற தோற்றம், புதிய பிறப்பு, முடி என இக்கதையின் உறுப்புகள் விசயையின் கதையோடு ஒத்துச்செல்கின்றன. விசயை பெற்ற மகன் பிறந்ததும் அரண்மனையில் அன்று. மயிற்பொறி இறங்கிய சுடுகாட்டில். அகிலத்திரட்டு அம்மானையும் கனவோடு தொடர்புடையதே. 1841இல் அரிகோபாலன் சீடரை இறைவன் உறக்கத்தில் எழுப்பி அந்நூலை எழுதச் செய்ததாக அம்மரபு கருதுகிறது. நூலின் நிறைவில் வைகுண்டர் தர்மயுகத்தை ஒரு குடைக்கீழ் ஆள்கிறார்.

பெயரிலிருந்து பறிக்கப்பட்ட முடி தலைப்பாகையாகத் திரும்பியது. கீழ்ச்சாதியார் தலையில் துணி கட்டுதல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், அய்யாவழி ஆண்கள் தலைப்பாகை அணிந்தே வழிபடும் முறையை வைகுண்டர் ஏற்படுத்தினார். பதிகளிலும் எல்லையின் இருபுறமும் உள்ள நிழல்தாங்கல்களிலும் இது இன்றும் தொடர்கிறது. கருவறையில் உருவம் இல்லை, கண்ணாடி உண்டு. தலைப்பாகையோடு நிற்பவன் அதில் காண்பது முடிசூடிய தன்னையே. இவ்வழிபாட்டு முறையில் அணிந்தவனையும் முடியையும் பிரித்துக் காண வழியில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1893இல், நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்து தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டினார். நீலகேசியின் திருமுடி வாழும் அதே ஊர். இரண்டிற்கும் நேரடித் தொடர்பு காட்டச் சான்றில்லை, காட்டவேண்டியதும் இல்லை. முடியின் வலிமை இன்னதென அறிந்த ஊரில் பிறந்தவர் அவர் என்பது போதும்.

தோற்றம்

முடிப்புரைகளில் பாடப்படும் தோற்றம் பாட்டுகளுள் கண்ணகி கதை முதன்மையானது. கண்ணகி, கோவலன் பெயர்கள் கன்னி, பாலகன் என உருமாறி வரும். கொல்லப்பட்ட பாலகனை அம்மன் மீண்டும் எழுப்பும் பகுதியும் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கணப்பொழுது எழுந்து பேசுவது இங்கு முழு உயிர்ப்பாக விரிகிறது. பாட்டின் பெயரே தோற்றம்: தோன்றச் செய்தல். கனவில் காண்பதையும் தமிழ் தோன்றுதல் என்றே கூறும். பந்தலில் அமர்ந்து நாள்தோறும் பாடப் பாட, முடியாக இருப்பவள் ஊரார் கண்முன் தோன்றுகிறாள். கனவு தனியொருவர்க்கு உறக்கத்தில் செய்வதைத் தோற்றம் ஊருக்கு விழிப்பில் செய்கிறது.

1956 நவம்பர் 1இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபொழுது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியவற்றுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் தமிழ்த்துறைகளின் களப்பணி களியிக்காவிளையோடு திரும்பிவிடுவது வழக்கமாயிற்று. வில்லுப்பாட்டுக்கும் கதைப்பாடலுக்கும் குமரி மாவட்டத்தில் கிடைத்த கவனம், சில கல் தொலைவில் உள்ள செங்கல், காரோடு, குளத்தூர்ப் பகுதிகளின் தோற்றம் பாட்டுக்குத் தமிழாய்வில் கிடைக்கவில்லை. மலையாள ஆய்வாளர் அதனைப் பத்திரகாளிப் பாட்டாகத் தொகுக்கின்றனர். தமிழாய்வாளர் சிலப்பதிகாரத்தின் தாக்கம் என ஒரு வரியில் குறித்து நகர்கின்றனர். அப்பாட்டுகளில் கோப்பெருந்தேவியின் கனவு என்னவாயிற்று, அதில் குடையும் கோலும் வீழ்கின்றனவா, முடிதான் வீழ்கிறதா என்பது ஊர்தோறும் பாடம் கேட்டு ஒப்பிட்டால் தெரியவரும். தோற்றம் பாட்டு பாடும் ஆசான்களிடம் அவ்வினாவைக் கொண்டுசெல்லவேண்டிய காலம் கும்பமும் மீனமும்; அம்மாதங்களில்தான் திருமுடி புரையைவிட்டு வெளியே வருகிறது.